ஜேபெக், வெப்பி, ஏவிஃப்: தளத்துக்கு எதை வைத்துக்கொள்வது?

நான் பார்த்துக்கொள்ளும் இணையதளத்தின் படங்களை மொத்தமாகச் சுருக்க வேண்டி வந்தபோது, அதே படங்களை ஜேபெக் (JPEG), வெப்பி (WebP), ஏவிஃப் (AVIF) என்ற மூன்று பட வடிவங்களிலும் மாற்றி அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். கடைசியில் வெப்பியை மட்டும் வைத்துக்கொண்டேன். கோப்பு அளவில் ஏவிஃப்தான் சின்னது, அதில் வாதமே இல்லை. ஆனாலும் யாராவது கேட்டால் வெப்பி என்றுதான் சொல்வேன்.

எந்த வடிவமானாலும் முதலில் அகலத்தைக் குறையுங்கள். கேமரா தருகிற 4000 × 3000 படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல் இருக்கிறது. 800 பிக்சல் அகலத்தில் காட்டப்போகிற படத்துக்கு, அடர்த்தியான திரைகளுக்காக இரண்டு மடங்கு வைத்தாலும் 1600 × 1200 போதும், அதாவது 19 லட்சம் சொச்சம். ஆறில் ஒரு பங்காகிவிட்டது, இன்னும் வடிவத்தைப் பற்றிப் பேசவே ஆரம்பிக்கவில்லை. அப்புறம், லோகோ மாதிரி கோட்டுப் படங்கள், கோடுகளாகவே சேமிக்கும் எஸ்விஜி (SVG) வடிவில் இருக்கட்டும், புகைப்படத்தை, எந்த விவரத்தையும் இழக்காமல் சேமிக்கும் பிஎன்ஜியில் (PNG) போடாதீர்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், கடந்துபோவோம்.

ஜேபெக் 1992இல் வந்த தரநிலை, திறக்காத இடமே கிடையாது. 2014இல் மொசில்லா வெளியிட்ட மோஸ்ஜேபெக் கொண்டு சுருக்கினால், சாதாரண மென்பொருள் தருவதைவிடக் கோப்பு கணிசமாக இறங்கும். புரோகிரசிவ் முறையில் சேமித்தால் முழுப் படமும் முதலில் மங்கலாகத் தெரிந்து பிறகு தெளியும். மெதுவான இணைப்பில் இது பெரிய வசதி, வெப்பியில் இது இல்லை. ஒப்பான ஜேபெக்கைவிட வெப்பி 25 முதல் 34 சதவீதம் சிறியது என்று கூகுள் சொல்கிறது. மோஸ்ஜேபெக்கோடு ஒப்பிட்டால் அந்த இடைவெளி குறைந்துவிடுகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஜேபெக்கில் ஒளிபுகும் பின்னணி கிடையாது, எழுத்துகள் உள்ள படத்தை அழுத்திச் சுருக்கினால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி அழுக்கு படியும்.

ஏவிஃப் வேறு தரம். ஏவி1 (AV1) என்ற வீடியோ சுருக்கும் முறையிலிருந்து வந்தது, அதனால் மிகக் குறைந்த அளவிலும் படம் உடையாது. ஜேபெக்கில் வானம் கட்டம் கட்டமாகத் தெரியும் அளவுக்குச் சுருக்கினாலும் ஏவிஃபில் வானம் வழவழவென்றுதான் இருக்கும். அந்த வழவழப்பை எல்லா இடத்திலும் பூசிவிடுவதுதான் சிக்கல். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள், துணியின் நெசவும் முகத்தின் தோலும் மெழுகு தடவினதுபோல் ஆகியிருக்கும். தரத்தை ஏற்றினால் அது சரியாகிவிடும், ஆனால் வெப்பியை முந்தியிருந்த தூரமும் சுருங்கிவிடும். மாற்றுவதற்கு நேரமும் அதிகம் பிடிக்கும். சில படங்களுக்குப் பரவாயில்லை, ஒரு பெரிய ஃபோல்டரை மொத்தமாகக் கொடுத்தால் காத்திருக்க வேண்டும்.

இதெல்லாம்கூட ஒத்துக்கொள்ளலாம். என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு.

ஏவிஃபைக் குரோம் 2020இலும் பயர்பாக்ஸ் 2021இலும் சஃபாரி 2022இலும்தான் ஏற்றன, எட்ஜுக்கு 2024 ஜனவரிதான். பழைய போன்களில் இன்னும் பழைய பிரவுசர் இருப்பதால், ஏவிஃப் வைத்தால் பக்கத்தில் இன்னொரு வடிவத்தையும் வைத்தே ஆகவேண்டும். வழக்கமாகச் செய்வது, பக்கத்தின் எச்டிஎம்எல்லில் பிக்சர் டேகுக்குள் (<picture>) ஏவிஃப், வெப்பி, ஜேபெக் மூன்றையும் வரிசையாகக் கொடுப்பது. இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு படத்துக்கு 400, 800, 1200, 1600 என நான்கு அகலம், மூன்று வடிவம், ஆக 12 கோப்பு. தளத்தில் 300 படம் இருந்தால் 3600. வெப்பி மட்டும் என்றால் 1200. வட்டில் இடம் போவது கவலையில்லை, கவலை ஒரு படத்தை மாற்ற வேண்டி வரும்போதுதான். 12இல் 11ஐ மாற்றி ஒன்று விட்டுப்போனால், அல்லது சிடிஎன் கேஷில், அதாவது வேகத்துக்காகப் பல இடங்களில் நகல் வைத்துத் தரும் சர்வர்களில், ஒன்று மட்டும் பழையதாகத் தங்கிவிட்டால், சிலருக்குப் புதுப் படமும் சிலருக்குப் பழைய படமும் போகும். உங்களுக்கு அது தெரியவே வராது, ஏனென்றால் உங்கள் புது பிரவுசர் எப்போதும் ஏவிஃபைத்தான் எடுக்கும், ஜேபெக்கை நீங்கள் கண்ணாலேயே பார்ப்பதில்லை. நாம் பயன்படுத்தாத பிரவுசரில் மட்டும் தலைகாட்டுகிற தவறைத் தேடிப்பிடிப்பது போல அலுப்பான வேலை இல்லை.

வெப்பியில் இந்தத் தொல்லை கிடையாது. 2010இல் அறிவிக்கப்பட்டது, பயர்பாக்ஸ் 2019இலும் சஃபாரி 2020இலும் ஏற்றுவிட்டன, ஆகவே மாற்று வடிவம் வைக்காமல் சாதாரண இமேஜ் டேகிலேயே (<img>) போடலாம். ஒரே வடிவத்தில் புகைப்படமும், ஒளிபுகும் பின்னணியும், இழப்பில்லாத சேமிப்பும் கிடைக்கின்றன. ஸ்கிரீன்ஷாட்டுகளை இழப்பில்லா வெப்பியாக மாற்றினால் அதே படத்தின் பிஎன்ஜியைவிடப் பெரும்பாலும் சின்னதாகவே வரும்.

குறையும் உண்டு. இழப்புள்ள வெப்பி நிறத் தகவலை எப்போதும் பாதி அகலம், பாதி உயரத்தில்தான் வைத்துக்கொள்ளும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து இருக்கிற பேனரை மாற்றிப் பாருங்கள், எழுத்தின் ஓரம் கசிந்து பழுப்பாகத் தெரியும். ஜேபெக்கில் இந்த நிறக் குறைப்பை அணைத்துவிடலாம், இதில் முடியாது. மாற்றும் கருவியில் இருக்கும் ஷார்ப் ஒய்யுவி (Sharp YUV) என்ற தெரிவு ஓரளவு காப்பாற்றும், அதுவும் போதாவிட்டால் அந்த ஒரு படத்தை இழப்பில்லாமல் சேமித்துவிடுங்கள். சுருக்கும்போது கொடுக்கும் தர எண்ணிலும் கவனம் வேண்டும், ஜேபெக்கின் 80ம் வெப்பியின் 80ம் ஏவிஃபின் 80ம் ஒன்றல்ல. நான் வெப்பியில் 75இல் ஆரம்பித்து, கண்ணுக்கு உறுத்தினால் மட்டும் ஏற்றுவேன். ஒப்பிட்டுப் பார்க்க ஸ்குவூஷ் நல்ல கருவி, பிரவுசரிலேயே ஓடும், நடுக்கோட்டை இழுத்து முன்பின் பார்க்கலாம்.

மாற்றும்போது எடுத்த இடம், படம் எந்தப் பக்கம் நிமிர்ந்தது என்று கேமரா கோப்புக்குள் எழுதிவைக்கும் எக்ஸிஃப் விவரங்களை நீக்குவது நல்லது, ஆனால் படத்தை நிமிர்த்திவிட்டு நீக்குங்கள், இல்லாவிட்டால் போனில் எடுத்த படம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். நிறப் பரப்பையும் இணையத்தின் வழக்கமான எஸ்ஆர்ஜிபிக்கு (sRGB) மாற்றிவிட்டு, நிறங்களை எப்படிக் காட்டுவது என்று கோப்பில் சொல்லும் புரொஃபைலை எடுங்கள், அப்படியே எடுத்தால் நிறம் சோகையாகிவிடும்.

இரண்டு விதிவிலக்கு. இணைப்பைப் பகிரும்போது வருகிற முன்னோட்டப் படமும் மின்னஞ்சலில் போகிற படமும் ஜேபெக்காகவே இருக்கட்டும், அவற்றைத் திறக்கப்போவது எந்தச் செயலி என்று நம் கையில் இல்லை. அடுத்தது, பிரவுசரைப் பார்த்து அவ்வப்போதே வடிவம் மாற்றித் தரும் சேவை உங்களிடம் இருந்தால் என் வாதத்தில் பாதி போய்விடும், தாராளமாக ஏவிஃபுக்குப் போங்கள். ஆனால் சர்வர் படத்தோடு அனுப்பும் வேரி (Vary) ஹெடரில் அக்செப்ட் (Accept) இருக்கிறதா, அதாவது பிரவுசர் ஏற்கும் வடிவத்தைப் பொறுத்துப் பதில் மாறும் என்று கேஷுக்குச் சொல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கேஷில் உட்கார்ந்த ஏவிஃப் பழைய பிரவுசருக்கும் போய்விடும். எச்டிஆர் (அதிக ஒளி வேறுபாட்டைக் காட்டும்) படங்களையும் அசையும் படங்களையும் நான் அதிகம் கையாண்டதில்லை, அங்கே என் பேச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

பழைய தளம், மூலப் படங்கள் தொலைந்துவிட்டன, கையில் இருப்பது ஏற்கனவே சுருக்கிய ஜேபெக் மட்டும்தான் என்றால் அதை வெப்பியாக மாற்றாதீர்கள். இழப்பின் மேல் இழப்பு சேரும், மிச்சமாவதும் கொஞ்சம்தான். ஜேபெக்டிரான் (jpegtran) என்ற கருவி கொண்டு இழப்பில்லாமல் மறுசீரமைத்தால் படம் அப்படியே இருக்கும், சில கேபி குறையும். அதோடு அந்தப் படங்களை விட்டுவிடலாம்.