ஹார்லெமின் மேனிகால்ட், குவீன்ஸின் ஆல்ஸ்டன்

இருவரும் நியூயார்க் தெருக்கூடைப்பந்தின் பிள்ளைகள். ஏர்ல் மேனிகால்ட் 1944இல் பிறந்து ஹார்லெமில் வளர்ந்தவர். உயரம் ஆறடிக்குச் சற்றே மேல். எகிறினால் நெடியவர்களின் தலைக்கு மேலே போய் வளையத்துக்குள் பந்தைத் திணிப்பார். பலகையின் உச்சியிலிருந்து நாணயத்தை எடுத்தார் என்பார்கள். அதை நான் நம்பவில்லை. கூடைப்பந்து ஜாம்பவான் கரீம் அப்துல் ஜப்பார் அவரை வியந்து புகழ்ந்ததே எனக்குப் போதும். ஆனால் ஹெராயினும் சிறையும் அவருடைய நல்ல ஆண்டுகளைத் தின்றுவிட்டன. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மீண்டு வந்து, பேட்டைச் சிறுவர்களுக்காகப் போட்டிகள் நடத்தினார். 1998இல் மறைந்தார்.

அதே ஆண்டில்தான் ரேஃபர் ஆல்ஸ்டனை, என்பிஏ அணிகள் புதுமுகங்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், மில்வாக்கி பக்ஸ் அணி 39ஆவது தேர்வாக எடுத்தது. ஹார்லெமின் ரக்கர் பூங்காவில் துள்ளித் துள்ளிப் பந்தைத் தட்டிய அவருடைய வித்தைகளை ஆண்ட் 1 காலணி நிறுவனம் வீடியோ கேசட்டாக்கிப் பரப்பியது. வேடிக்கை என்னவென்றால், என்பிஏவில் நிலைக்க அந்த வித்தைகளையே அவர் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. 2009 இறுதிச்சுற்றில் ஒர்லாண்டோ மேஜிக்கின் தொடக்க ஐவரில் ஒருவராக இறங்கினார். கோப்பை எதிரணியான லேக்கர்ஸுக்குப் போனது.

பிழைப்பு என்று பார்த்தால் ஆல்ஸ்டன்தான். ஒரே ஒரு மாலை ஆட்டம் பார்க்கலாம் என்றால், நான் மேனிகால்ட் ஆடும் வேலியோரத்தில்தான் நிற்பேன்.