கில்ட், சுற்றுடை, ஸ்கர்ட்: ஓர் ஆண் அன்றாடம் அணிய எது தோது?

ஆண்கள் ஸ்கர்ட் அணிவதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மேடையிலேயே தொடங்கி மேடையிலேயே முடிந்துவிடுகிறது. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ழான் போல் கோத்தியே 1980களின் நடுவில் ஆண்களுக்கான ஸ்கர்ட்டை அரங்கேற்றினார். 2003இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் இதற்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. 2022இல் நடிகர் பிராட் பிட் பெர்லினில் தம் படத்தின் முதற்காட்சிக்குப் பழுப்பு நிற லினன் ஸ்கர்ட்டில் வந்து நின்றார். இவையெல்லாம் பேசப்பட வேண்டியவைதாம். ஆனால் விழாவுக்கு உடுத்தும் உடையைக் கொண்டு பேருந்தில் ஏறுவதையும், மூட்டையைச் சுமந்துகொண்டு படி இறங்குவதையும், எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பதையும் மதிப்பிட முடியாது. வாரத்தில் நான்கைந்து நாள் ஸ்கர்ட் அணிந்து வெளியே செல்ல நினைக்கும் ஓர் ஆணுக்குத் துணிச்சலைவிட அதிகம் தேவைப்படுவது எந்த வெட்டு, எந்தத் துணி, எந்த நீளம் என்ற தெளிவு. அந்த நோக்கில் மட்டுமே இங்கே தெரிவுகளை ஒப்பிடுகிறேன்.

மரபான ஸ்காட்லாந்துக் கில்ட்டிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் பலரும் முதலில் எட்டிப் பிடிப்பது அதைத்தான். ஆண் உடை என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்ட ஸ்கர்ட் அது ஒன்றே என்பதுதான் காரணம். அந்த ஒப்புதலும் இயல்பாக வந்ததன்று. ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின் 1746இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கில்ட் உள்ளிட்ட மலைநாட்டு உடைக்குத் தடை விதித்தது. 1782இல்தான் அந்தத் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்பில் மன்னரே கில்ட் அணிந்து தோன்றினார். நாற்பது ஆண்டுகளுக்குள் குற்றமாக இருந்த துணி அரச மரியாதை பெற்றுவிட்டது. அதன் பலன் இன்று கில்ட் அணியும் எவருக்கும் கிடைக்கிறது. ஆனால் அந்த மரியாதை விழாவோடு ஒட்டியது. செவ்வாய்க்கிழமை காலையில் கில்ட் அணிந்து அலுவலகத்துக்குப் போனால் எவரும் முறைக்கமாட்டார்கள். மாறாக, இன்று என்ன திருமணமா என்று கேட்பார்கள். ஒவ்வொரு நாளும் அதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பது முறைப்பைவிடக் குறைந்த தொல்லை என்று நான் நினைக்கவில்லை.

உடை என்ற அளவில் கில்ட்டின் அமைப்பு வியக்கத்தக்கது. முன்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இரண்டு தட்டையான பாகங்கள். விலாவிலிருந்து பின்புறம் முழுவதும் நெருக்கமான மடிப்புகள். எட்டு கஜக் கம்பளித் துணி அந்த மடிப்புகளுக்குள் அடங்கிவிடுவதால், எவ்வளவு அகலமாக எட்டு வைத்தாலும் துணி விரிந்து கொடுத்துத் திரும்பவும் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. கனம் இருப்பதால் சாதாரணக் காற்றுக்கு அசைவதோடு நின்றுவிடும். முன்பாகத்தின் ஓரத்தில் குத்தப்படும் பெரிய ஊசி இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது மேல் பாகத்தில் மட்டுமே குத்தப்பட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும், உட்காரும்போது முன்புறம் கோணிக்கொள்ளும். உட்கார்வதற்கும் ஒரு முறை உண்டு: இரு கைகளாலும் பின்மடிப்புகளைக் கீழ்நோக்கித் தடவி விட்டுக்கொண்டே அமர்ந்து, முன்துணியை இரு தொடைகளுக்கும் இடையே தணிய விட வேண்டும். இரண்டு நாளில் கை தானாகவே பழகிவிடும்.

குறைகளும் கனமானவையே. பாக்கெட் கிடையாது, இடுப்பில் சங்கிலியிட்டுத் தொங்கவிடும் தோல்பை ஒன்றுதான் கதி. தொப்புளை ஒட்டிய உயரத்தில் இறுகக் கட்டுவதால், கால்சட்டையைத் தாழ அணிந்து பழகியவர்களுக்குச் சாப்பிட்டு எழும்போது மூச்சு முட்டும். கோடையில் கால்களுக்குக் காற்று கிடைத்தாலும் இடுப்பைச் சுற்றிலும் பல அடுக்குக் கம்பளி வேர்க்க வைக்கும். வீட்டில் துவைக்கும் துணியும் அன்று. டிரை கிளீனிங்குக்கே போக வேண்டும். தினமும் அணிய ஒன்று போதாது, இரண்டாவது வாங்கப் பெரும்பாலோருக்குக் கட்டாது.

இந்தக் குறைகளுக்கு மாற்றாக வந்தது பாக்கெட் வைத்த வேலைக் கில்ட். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய யூட்டிலிகில்ட்ஸ் என்ற நிறுவனம் இவ்வகையைப் பரவலாக்கியது. கம்பளிக்குப் பதில் கனத்த பருத்தித் துணி, தோல் வாருக்குப் பதில் பிரஸ் பட்டன், இருபுறமும் ஆழமான பாக்கெட்டுகள். வாஷிங் மெஷினில் போடலாம், தரையில் உட்காரலாம், ஏணியில் ஏறி வேலை செய்பவர்கூட அணியலாம் (கீழே யார் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டால் சரி). ஆனால் கைபேசியையும் சாவிக்கொத்தையும் போட்டு நடந்தால் பாக்கெட்டுகள் ஒவ்வோர் அடிக்கும் தொடையில் இடிக்கும். மடிப்பின் விளிம்புகளைத் தைத்திருக்காவிட்டால் ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் இஸ்திரிப் பெட்டியோடு அரை மணி நேரம் போராட வேண்டியிருக்கும். இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று: உலோகக் குமிழ்கள், ராணுவப் பச்சை, தடித்த தையல் என்று அந்த உடை தன்னை ஆண் உடை என்று இடைவிடாமல் வாதாடிக்கொண்டிருக்கிறது. தோட்ட வேலைக்கும் பட்டறைக்கும் அது பொருந்தும். ஒரு கூட்ட அறையில் அந்த வாதத்தை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

சுற்றிக் கட்டும் உடைகள் இன்னொரு பெரிய குடும்பம். பர்மாவின் லுங்யி, ஃபிஜியின் சுலு, சமோவாவின் லாவாலாவா என்று வெப்ப நாடுகள் பலவற்றில் ஆண்கள் இவற்றைத் தலைமுறைகளாக அணிகிறார்கள். இடுப்பு பருத்தாலும் சிறுத்தாலும் ஒரே துணி போதும், துவைத்தால் விரைவில் உலரும், காற்றோட்டத்தில் இதற்கு நிகர் வேறில்லை. பிறந்தது முதல் இதைக் கட்டியவருக்கு முடிச்சு ஒரு பொருட்டே அன்று. புதிதாகத் தொடங்குபவருக்கோ முடிச்சுதான் எல்லாம். இரு கையிலும் பை இருக்கும்போது அது நெகிழ்ந்தால் நடுத்தெருவில் என்ன செய்வது? கணுக்கால் வரை நீளும் துணியை நகரும் படிக்கட்டில் கையால் சற்றுத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மிதிவண்டியின் சங்கிலிக்கு அருகில் கொண்டுபோகவே கூடாது.

சுலு உடுத்திப் பழகிய ஃபிஜி மக்களே இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை கண்டார்கள். அங்கே அலுவலகத்துக்கும் ஆலயத்துக்கும் ஆண்கள் அணியும் சுலு, கால்சட்டைத் துணியில் தைத்து, இடுப்பில் கொக்கி வைத்து, பெரும்பாலும் பாக்கெட்டோடு வரும் உடை. மேலே சட்டை, கழுத்துப்பட்டை, கோட்டு வரை எல்லாம் அதனோடு இயல்பாகச் சேர்கின்றன. ஃபிஜிக் காவல்துறையின் சடங்கு உடையில் கீழ்விளிம்பு வாள்பல் போல வெட்டப்பட்ட வெள்ளைச் சுலு இடம்பெறுகிறது. தளர்வான சுற்றுடை அலுவல் வாழ்க்கைக்குள் நுழைந்தபோது, அதை அணிந்த மக்களே அதை முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் தைத்த ஸ்கர்ட்டாக மாற்றிக்கொண்டார்கள் என்பது நம் ஒப்பீட்டுக்கு மிகவும் பயனுள்ள சான்று.

கால்சட்டையும் ஸ்கர்ட்டும் கலந்த பிளவுடையை விரைவாகக் கடந்துவிடலாம். ஜப்பானின் மரபு உடையான ஹகாமாவில் குதிரையேற்றத்துக்கென நடுவில் பிரிந்த வகையும் பிரியாத வகையும் உண்டு. பிரிந்த வகை மிதிவண்டிக்கு நல்லது, காற்றுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஸ்கர்ட் அணிய விரும்புபவர் நாடும் காற்றோட்டம் அதில் பாதியாகிவிடுகிறது, பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் அது முழு ஸ்கர்ட்டாகவே தெரிகிறது. பயன் குறைந்தது, பிறர் கவனிப்பது குறையவில்லை.

எஞ்சுவது, கடையில் பெண்கள் பகுதியில் தொங்கும் சாதாரண ஸ்கர்ட். என் தேர்வு இதுவே. ஆயினும் தவறாக வாங்க மிகுதியான வாய்ப்புள்ளதும் இதுதான். பெண்களின் ஸ்கர்ட்டுகளில் பெரும்பாலானவை ஒடுங்கிய இடைக்கும் அகன்ற இடுப்புக்கும் வெட்டப்பட்டவை. ஆணின் உடலில் இடைக்கும் இடுப்புக்கும் உள்ள வேறுபாடு குறைவு. இடையளவை மட்டும் பார்த்து வாங்கினால் இடுப்பின் இருபுறமும் துணி பொங்கி நிற்கும். இடுப்பளவைப் பார்த்து வாங்கினால் மேலே பட்டன் போடமுடியாது. இந்தச் சிக்கல் மிகக் குறைவாக இருப்பது டெனிம் ஸ்கர்ட்டில். அது கால்சட்டையைப் போலவே இடுப்பெலும்பின் மேல் நிற்கிறது. முன்புற ஜிப், பெல்ட் வளையம், நான்கைந்து பாக்கெட்டுகள் எல்லாம் ஜீன்ஸிலிருந்து அப்படியே வந்தவை. மேலே அணியும் சட்டையோ காலணியோ எதையும் மாற்ற வேண்டியதில்லை. அடர்நீல டெனிமில் முழங்காலுக்குக் கீழே முடியும் ஸ்கர்ட்டைத் தெருவில் போகும் பலர் கவனிப்பதே இல்லை என்பது அணிந்தவர்கள் பலரும் சொல்லும் அனுபவம்.

வெட்டைப் பொறுத்தவரை, கீழ்நோக்கிச் சிறிதளவு விரியும் வெட்டே நடைக்கு ஏற்றது. உடலோடு ஒட்டி நேராக இறங்கும் பென்சில் ஸ்கர்ட்டில் பின்புற ஸ்லிட் ஆழமாக இல்லாவிட்டால் அடி பாதியாகச் சுருங்கும். பேருந்தின் முதற்படி முழங்கால் உயரத்தில் இருந்தால் ஏறுவதற்கே துணியை உயர்த்த வேண்டியிருக்கும். மெல்லிய துணியில் வட்டமாக விரியும் ஸ்கர்ட் அதற்கு நேர்மாறு: நடக்க இதம், ஆனால் சுரங்க ரயில் நிலையத்தின் வாயிலில் மேலெழும் காற்று ஒன்று போதும், இரண்டு கைகளும் துணியைப் பிடிப்பதற்கே சரியாகிவிடும். நீளத்தை நின்ற நிலையில் மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. உட்காரும்போது விளிம்பு நான்கு விரற்கடையாவது மேலேறும் என்பதால், கடையின் உடைமாற்றும் அறையில் முக்காலி ஒன்று கேட்டு அதில் அமர்ந்து பார்ப்பது நல்லது. உள்ளே லைனிங் இல்லாத துணி, காலில் நீளமான காலுறை அணிந்தால் ஒட்டிக்கொண்டு மேலேறும். ஜிப் பின்னால் இருந்தால் கழிப்பறையில் வீண் சிரமம். முன்னால் இருப்பதைத் தேடி வாங்கலாம், அல்லது கில்ட்டைப் போல முன்பக்கத்தை உயர்த்தப் போதிய விரிவுள்ள வெட்டாக இருக்க வேண்டும்.

பிறர் பார்வை என்ற அளவுகோலில் ஸ்கர்ட் கில்ட்டைவிடப் பின்தங்கியதுதான். அதை மறைப்பதில் பொருளில்லை. இதற்கு எதிர்ச்சான்றாகச் சில செய்திகள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. 2013 கோடையில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் அரைக்கால்சட்டை மறுக்கப்பட்ட ரயில் ஓட்டுநர்கள் ஸ்கர்ட் அணிந்து பணிக்கு வந்தார்கள். 2017இல் பிரான்சின் நாந்த் நகரப் பேருந்து ஓட்டுநர்களும், இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் ஒரு பள்ளியின் மாணவர்களும் அதையே செய்தார்கள். மூன்றிலும் ஸ்கர்ட், விதியின் ஓட்டையைக் காட்டும் கருவியாகவே பயன்பட்டது. அவர்கள் கேட்டது அரைக்கால்சட்டையை. 2020இல் ஸ்பெயினின் பில்பாவோவில் நடந்தது வேறு. ஸ்கர்ட் அணிந்து வந்ததற்காக வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு மாணவனுக்கு ஆதரவாக, நாட்டின் பல பள்ளிகளில் மாணவர்களும், பின்னர் ஆண் ஆசிரியர்கள் சிலரும் ஸ்கர்ட் அணிந்து வந்தார்கள். அங்கே கேட்கப்பட்டது ஸ்கர்ட்டையே. அன்றாடம் அணிய நினைப்பவருக்கு வழிகாட்டக்கூடியது பின்னதுதான்.

சட்டத்துக்கும் இதில் பெரிய பங்கு இல்லை. பெண்கள் காவல்துறையின் அனுமதியின்றி ஆண் உடை அணியக்கூடாது என்று பாரிஸில் 1800இல் பிறப்பிக்கப்பட்ட ஆணை, 2013இல்தான் செல்லாதது என்று முறையாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பாரிஸ் பெண்கள் கால்சட்டையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தின் ஆடை விதியை மட்டும் முன்கூட்டியே வாசித்துவிடுவது நலம். "ஆண்கள் கால்சட்டை அணிய வேண்டும்" என்று எழுதியிருக்கும் இடமும் "நேர்த்தியான உடை" என்று மட்டும் எழுதியிருக்கும் இடமும் ஒன்றல்ல. இரண்டாவதில் இஸ்திரி போட்ட கறுப்பு ஸ்கர்ட்டுக்கு மறுப்புச் சொல்வது மேலதிகாரிக்கு எளிதாக இருக்காது.

இந்த வரிசை எல்லாப் பருவத்துக்கும் பொருந்தாது. கடுங்குளிரில் டெனிம் ஸ்கர்ட் காலை உறைய வைக்கும், அடியில் தடித்த லெக்கிங்ஸ் அணிந்தால்தான் சமாளிக்கலாம். கம்பளிக் கில்ட்டும் முழங்கால் வரை ஏறும் கம்பளிக் காலுறையும் அப்போது முன்னுக்கு வந்துவிடும். அந்த மாதங்களில் கில்ட்டின் கனத்தைப் பற்றி யாரும் குறைசொல்லமாட்டார்கள். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாள்களில் தைத்த சுலுவோ, மெல்லிய பருத்தியில் தைத்த விரிந்த ஸ்கர்ட்டோ டெனிமைவிட நூறு மடங்கு இதமானது. ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவர் அடர்நீல டெனிமை வாங்கலாம். இரண்டாவதுக்கு இடமிருந்தால் தாம் வாழும் ஊரின் வெயிலைப் பார்த்து முடிவு செய்து, அதைத் தையல்காரரிடம் அளவு கொடுத்தே தைத்துக்கொள்வது மேல். இடையளவு, இடுப்பளவு, இடுப்பெலும்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரையிலான நீளம் என மூன்று அளவுகளும், இருபுறமும் பாக்கெட் வேண்டும் என்ற ஒரு சொல்லும் போதும்.