ஒரே கோப்பு, பல கைகள்: எஃப்லாக், ரீநேம், எஸ்க்யூலைட், ரெடிஸ்

பிஎச்பி நிரல்மொழியில் ஓடும் ஒரு கடைத் தளம். கையிருப்பு ஒரு ஜேசன் கோப்பில் (தரவை உரையாக எழுதும் வடிவம்) இருக்கிறது. பொருள் பக்கம் அதைப் படிக்கிறது, ஆர்டர் பக்கம் கழிக்கிறது, 5 நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை) வந்து திருத்துகிறது. பூட்டு இல்லையென்றால் இது இரண்டு விதமாகக் கெடும். பாதி எழுதிய கோப்பை யாராவது படித்து ஜேசன் உடையும். இது உடனே தெரிந்துவிடும். இரண்டு ரிக்வெஸ்டும் 10 என்று படித்து, இரண்டும் 9 என்று எழுதும். இது மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும்.

முதலில் கைக்கு வருவது எஃப்லாக், அதாவது கோப்பைப் பூட்டும் கட்டளை. லினக்ஸில் இது பேச்சுக்குக் கட்டுப்படுகிறவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும் பூட்டு: கேட்காமல் திறக்கிற நிரலை அது தடுக்காது. எழுதும் இடத்தில் பூட்டிவிட்டு, படிக்கும் இடத்தில் பூட்டு கேட்காமல் கோப்பை முழுதும் படிக்கும் வெறும் ஃபைல்-கெட்-கன்டென்ட்ஸ் வைத்தால் காலிக் கோப்பு கையில் வரும் வாய்ப்பு அப்படியே இருக்கும். இன்னொரு பொறி, எழுதுவதற்கான 'டபிள்யூ' முறையில் திறப்பது. பூட்டு கிடைக்கும் முன்பே கோப்பு காலியாகிவிடும். திறக்கும்போது காலியாக்காத 'சி பிளஸ்' முறையில் திறந்து, தனிப்பூட்டு வாங்கி, படித்து, கணக்குப் போட்டு, நீளத்தைச் சுழியாக்கி, முனைக்குத் திரும்பி, எழுதி, ஃபிளஷ் செய்த (இடையகத்தில் இருப்பதைக் கோப்புக்குத் தள்ளிய) பிறகே பூட்டை விட வேண்டும். படிப்பதும் பூட்டுக்குள் வருவதால்தான் 9-9 சிக்கல் தீர்கிறது. புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) செத்தால் இயங்குதளத்தின் மையமான கர்னலே பூட்டை விடுவித்துவிடும். எம்கேடிர் போட்டு அடைவு உருவாக்கிப் பூட்டுகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை, செத்தவன் விட்டுப்போன அடைவை யாராவது கையால் அழிக்க வேண்டும். ஆனால் சுழியாக்கியதற்கும் எழுதியதற்கும் நடுவில் செத்தால் தரவு போயிற்று.

அந்த ஓட்டையை ரீநேம் அடைக்கிறது. தற்காலிகக் கோப்பில் முழுதும் எழுதிவிட்டுப் பெயரை மாற்றினால், படிக்கிறவருக்குப் பழையது முழுதாகவோ புதியது முழுதாகவோதான் கிடைக்கும், பூட்டே வேண்டாம். தற்காலிகக் கோப்பு அதே அடைவில் இருக்கட்டும். தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி அடைவு வேறு ஃபைல் சிஸ்டமாக இருந்தால் பிஎச்பி நகலெடுத்துப் பழையதை அழிக்கும், அணுத்தன்மை (முழுதாக நடப்பது, இல்லையேல் நடக்காதது) போய்விடும். தற்காலிகக் கோப்புக்கான டெம்ப்நேம், உரிமையாளர் மட்டுமே படித்து எழுதக்கூடிய 0600 அனுமதியோடு கோப்பை உருவாக்கும். வேறு பயனராக ஓடும் கிரானுக்குத் திறக்காது. அனுமதியை மாற்றும் சிஎச்மாட்டை மறக்கக் கூடாது.

ரீநேம் மட்டும் 9-9 சிக்கலைத் தடுக்காது. எழுதுகிறவர்களுக்கு எஃப்லாக்கும் வேண்டும், ஆனால் தரவுக் கோப்பின் மேல் அல்ல. பெயர் மாறியதும் அந்த இடத்தில் வேறு ஐநோடு (கோப்பின் உள் அடையாளம்) வந்துவிடும். காத்திருந்தவர் செத்த கோப்பின் பூட்டை வைத்துக்கொண்டு நிற்பார். தனியே ஒரு பூட்டுக் கோப்பு வையுங்கள், அதை ஒருபோதும் அழிக்காதீர்கள். ஒரே சர்வரில் ஒன்றிரண்டு கோப்புகள் என்றால் எங்கள் தேர்வு இந்த ஜோடிதான்.

பொருட்கள் பெருகி, ஒன்றை மாற்ற முழுக் கோப்பையும் திரும்ப எழுதும் நிலை வந்தால் தனி சர்வர் இல்லாமல் கோப்பிலேயே இயங்கும் தரவுத்தளமான எஸ்க்யூலைட்டுக்குப் போகலாம். 2010இல் 3.7.0 பதிப்பில் வந்த, மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் வால் முறையில் ஒருவர் எழுதும்போதும் மற்றவர்கள் படிக்கலாம். எழுதுகிறவர் எப்போதும் ஒருவரே. எழுதும் உரிமையைத் தொடக்கத்திலேயே கேட்கும் 'பிகின் இமீடியட்' என்று தொடங்கி, பிஸி டைம்அவுட்டை (பூட்டுக்குக் காத்திருக்கும் நேரம்) 5000 மில்லிசெகண்ட் வையுங்கள். வெறும் பிகினில் படித்துவிட்டுப் பிறகு எழுதப் போனால், இடையில் இன்னொருவர் எழுதியிருந்தால், டைம்அவுட் எவ்வளவு வைத்தாலும் காத்திருக்காமல் பிஸி பிழை வரும். வால் முறை பகிர்ந்த நினைவகத்தை நம்புவதால் என்எஃப்எஸ் (வலையமைப்பு வழியே பகிரும் ஃபைல் சிஸ்டம்) மேல் வைக்கக் கூடாது.

சர்வர் இரண்டானால் ஆட்டம் மாறுகிறது. லினக்ஸ் 2.6.12 முதல் எஃப்லாக் என்எஃப்எஸ்-ஐத் தாண்டியும் செல்லும் என்றாலும், 'நோலாக்' என்ற விருப்பத்தோடு மவுண்ட் செய்திருந்தால் (இணைத்திருந்தால்) அந்தந்த இயந்திரத்துக்குள்ளேயே நின்றுவிடும். பிழை எதுவும் வராது.

இரண்டு சர்வரும் பொதுவாகக் கேட்கக்கூடிய இன்னொரு வழி, தரவை நினைவகத்தில் வைக்கும் சர்வரான ரெடிஸ்: அதில் 'செட்' கட்டளையை என்எக்ஸ் (ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும்), பிஎக்ஸ் 30000 (மில்லிசெகண்டில் காலாவதி) என்று கொடுத்தால் 30 நொடிக்குப் பூட்டு. மதிப்பாகத் தற்செயல் டோக்கன் வையுங்கள். விடும்போது டோக்கன் தன்னுடையதுதானா என்று ரெடிஸுக்குள்ளேயே ஓடும் லுவா ஸ்கிரிப்டில் பார்த்து அழியுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் பூட்டை அழித்துவிடுவீர்கள். வேலை 31 நொடி இழுத்தால் பூட்டு இருவர் கையில் இருக்கும், ரெடிஸுக்கு அது தெரியாது. ஒவ்வொரு எழுத்தோடும் ஏறுவரிசைப் பதிப்பு எண் ஒன்றை அனுப்பி, பழைய எண்ணோடு வருவதைச் சேமிக்கும் இடம் மறுத்தால்தான் அது அடைபடும். அந்தச் சரிபார்ப்பை வெறும் ஜேசன் கோப்பு செய்யாது.