போர்ட் மக்வாரி கோவாலா மருத்துவமனை: கட்டாயம் போய்ப் பாருங்கள்

ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து பிரிஸ்பேன் பக்கம் காரில் போகிறீர்களா? நாலு மணி நேரத்தில் போர்ட் மக்வாரி வரும், அங்கே இறங்கி இந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். 1973-லிருந்து கோவாலாக்களுக்கு மட்டுமே வைத்தியம் பார்க்கும் மருத்துவமனை. நாங்கள் போனபோது நுழைவுக் கட்டணம் இல்லை, விரும்பியதை நன்கொடையாகப் போடலாம் என்றார்கள்.

மிருகக்காட்சி சாலை மாதிரி நினைத்துக்கொண்டு போகாதீர்கள். தூக்கி வைத்துப் படம் எடுக்க முடியாது, இந்த ஊர் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சட்டமே அதை அனுமதிப்பதில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்கவேண்டும், ஆனால் அதுவே போதும். எங்களுக்கு நேர் எதிரே ஒன்று யூகலிப்டஸ் கொப்பை இழுத்து, ஒவ்வொரு இலையாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, நாலைந்தைத் தள்ளிவிட்டு ஒரு இளந்துளிரை மட்டும் மென்றது. இப்படிப் பொறுக்கித் தின்பதற்காகத் தன்னார்வலர்கள் தினமும் புதுக் கொப்புகளை வெட்டி வந்து தண்ணீரில் நட்டு வைக்கிறார்கள்.

பெயர்ப் பலகைகளை நின்று படியுங்கள். மீட்கப்பட்ட இடத்தின் பெயர் முதலில், அதற்கு வைத்த பெயர் அப்புறம். கார் மோதியது, நாய் கடித்தது, கிளமிடியா என்ற பாக்டீரியா தொற்று, தீக்காயம் என்று இங்கே வருவதற்கான காரணங்கள்தான் மனதை அறுக்கின்றன. கிளமிடியா கண்ணைக் குருடாக்கும், குட்டி போடவே முடியாமல் செய்யும். மருந்து கொடுப்பதும் லேசில்லை, யூகலிப்டஸைச் செரிக்க வைக்கும் குடல் கிருமிகளை ஆன்டிபயாடிக்கே கொன்றுவிடும், அப்புறம் வயிறு நிறைய இலை இருந்தும் அது பட்டினிதான்.

2019 காட்டுத்தீயின்போது, காட்டில் தண்ணீர்த் தொட்டி வைக்க 25,000 டாலர் கேட்டார்கள், வந்த பணம் 80 லட்சம் டாலரை நெருங்கியது. அவ்வளவு அன்பு இருந்தும், 2022-ல் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், கான்பெர்ரா இருக்கும் தலைநகரப் பகுதி மூன்றிலும் கோவாலாவை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்க வேண்டியதாயிற்று. மரத்தை வெட்டி வீடும் சாலையும் போட்டால் அது தரையில் இறங்கி நடந்துதான் அடுத்த மரத்துக்குப் போகவேண்டும், காரும் நாயும் காத்திருப்பது அங்கேதான். குணமானதைத் திருப்பிக் கொண்டுபோய் விடவும் காடு வேண்டுமே!

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று: பெரும்பாலான நேரம் அவை தூங்கிக்கொண்டுதான் இருக்கும், அவசரப்படாதீர்கள். பார்வை நேரத்தையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கையில் காசிருந்தால் அங்கேயே ஒரு கோவாலாவைப் பெயரளவில் தத்தெடுக்கலாம், பணம் வைத்தியத்துக்குப் போகிறது.