பகல் பலூனுக்குக் கோளமா, குழாயா?

30 கிலோமீட்டர் உயரத்துக் காற்று எந்த அளவுக்கு மின்சாரம் கடத்துகிறது என்று பார்க்கப் பலூனில் இரண்டு வகைக் கருவிகள் போகும். ஒன்று, நீண்ட கழியின் நுனியில் நிற்கும் உலோகக் கோளம். மற்றது ஹான்ஸ் கெர்டியன் 1905இல் வடிவமைத்த குழாய்: ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், இடையே ஓடும் காற்று. இரவில் இரண்டும் ஒழுங்காகத்தான் வேலை செய்யும். வெயில் வந்தால்தான் வம்பு.

கோளத்துக்குச் சில வோல்ட் ஏற்றி, இணைப்பைத் துண்டித்து, காற்றிலுள்ள எதிர்க்குறி அயனிகள் (மின்னேற்றம் கொண்ட துகள்கள்) வந்து சேரச் சேர அந்த மின்னேற்றம் வடியும் வேகத்தைப் பார்க்கிறோம். அந்த உயரத்தில் சில நொடிகள்தான் ஆகும். கோளம் பெரிதா சிறிதா என்ற கணக்கே வராதது பெரிய வசதி. ஆனால் பகலில் 200 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதா ஒளி அங்கே வரை இறங்குகிறது. அதைவிட நீண்ட அலைகளை ஓசோனும் குறுகிய அலைகளை ஆக்சிஜனும் அடைத்தாலும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அந்த ஒளித்துகளின் ஆற்றல் சுமார் 6 எலக்ட்ரான் வோல்ட். பெரும்பாலான உலோகங்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 4, 5 போதும். தங்கமோ கிராஃபைட்டோ பூசினால் குறையும், நிற்காது. எதிர்மின் ஏற்றிய கோளத்திலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பிப் போக, ஏற்றம் சீக்கிரம் வடிகிறது. நாமோ அதை நேர்மின் அயனிகளின் கணக்கில் எழுதிவிடுகிறோம். நேர்மின் ஏற்றினால் கிளம்பிய எலக்ட்ரான்களைக் கோளமே திரும்ப இழுத்துக்கொள்ளும், பிழை குறைவு.

குழாயில் நடு மின்முனையான உள் உருளை நிழலில் இருக்கிறது. சூரியன் வாய் வழியே எட்டிப் பார்க்காதவரை நிம்மதி. உருளைகளுக்கு இடையே மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அயனிகளின் எண்ணிக்கையும் கிடைக்கும். கோளம் இதைத் தராது. சரி, தொல்லை? பலூன் மிதக்கத் தொடங்கியதும் காற்றோட்டத்துக்கு விசிறி வேண்டும். வாயோரத்து மின்புலம் சில அயனிகளை உள்ளே வரவிடாமல் தள்ளும். இந்தப் பிழை வெளியே தெரியாது.

அதனாலேயே என் ஓட்டு கோளத்துக்கு. இரவில் நேர்மின் அயனிகளால் வரும் கடத்துதிறனும் எதிர்மின் அயனிகளால் வருவதும் ஏறக்குறைய சமம். பகலில் நேர்மின் மட்டும் தூக்கலாக வந்தால் வெயிலின் கைவரிசைதான். பலூனைச் சூரிய அஸ்தமனத்தைத் தாண்டி மிதக்கவிட்டால் ஒரே பறப்பில் பகலையும் இரவையும் ஒப்பிடலாம். அயனிகளின் எண்ணிக்கையும் வேண்டுமென்றால் மட்டும் குழாய்.

மின்புலம் அளப்பதற்கோ, குழாய் உதவாது. எதிரெதிராக இரண்டு கோளங்கள் வைத்து அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். கருவிப் பெட்டி சுழலும்போது ஒரு கோளம் நிழலில் புகுந்து வந்தால் சுற்றுக்கு ஒருமுறை பொய் மின்னழுத்தம் தோன்றும். உண்மையான கிடைமட்ட மின்புலமும் சுற்றுக்கு ஒருமுறைதான் ஏறி இறங்கும், அதுதான் சங்கடம். அப்புறம், அந்தத் துடிப்பின் திசை மணிக்கணக்கில் சூரியனோடு சேர்ந்து நகர்ந்தால் நிழலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.