உகுலேலே சைடு வளைக்க மின்சார பெண்டிங் அயர்ன்: மூக்கைப் பார்த்து வாங்குங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உகுலேலே (கிடார் போன்ற சின்னத் தந்தி வாத்தியம்) உடலின் பக்கவாட்டு மரப்பட்டையை, அதாவது சைடை, சூட்டில் வளைக்கும் இந்தக் கருவி கொடுத்த காசுக்குத் தகும். கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கும் இரும்புக் குழாயிலும் சைடு வளையும், செலவும் குறைவு. ஆனால் அதில் பாதி கவனம் நெருப்புக்கே போய்விடும். சூடு ஒரு நிமிஷம் ஏறும், மறு நிமிஷம் இறங்கும், மரம் கருகும். இந்தக் கருவியில் தெர்மோஸ்டாட் சூட்டைப் பார்த்துக்கொள்வதால் இரண்டு கையும் மரத்துக்கே கிடைக்கின்றன.

இது கெட்டியான அலுமினிய வார்ப்பு, உள்ளே ஹீட்டர். ஒரு பக்கம் அகலமான வளைவு, எதிர்ப்பக்கம் கூம்பிய மூக்கு. உகுலேலேவுக்கு அந்த மூக்குதான் முக்கியம். கிடாருக்கென்று செய்த பல அயர்ன்களில் மூக்கு மொத்தையாக இருக்கும். சின்ன அளவு உகுலேலேயான சோப்ரானோவின் இடுப்பு வளைவு (உடல் நடுவே உள்வாங்கும் இடம்) சின்னது, அதில் வளையாது. அதைவிடப் பெரிய டெனருக்கு மட்டும் என்றால் பெரிய கவலையில்லை.

திருகில் எண்கள்தான் இருக்கின்றன, டிகிரி இல்லை. அதனால் தோசைக்கல்லுக்குச் செய்வதுபோலத் தண்ணீர் தெளித்துத்தான் பார்க்கிறேன். சொட்டு அப்படியே கிடந்து கொதித்தால் இன்னும் சூடு வேண்டும். துள்ளி ஓடினால் வேலையைத் தொடங்கலாம். மரத்தை மணிக்கணக்காக ஊறவைக்க வேண்டாம். இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னினை இளக்குவது சூடுதான். ஈரம் அதற்கு உதவும், கருகாமலும் காக்கும். ஸ்பிரே பாட்டில் போதும்.

சைடை 1.8 மில்லிமீட்டருக்கு இழைத்துவிட்டு இடுப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஈட்டி மரம் என்றால் அது ஒரு சுகம். பிசின் சத்து உள்ள மரம். முதலில் முரண்டு பிடிக்கும், அப்புறம் சட்டென்று விறைப்பு விட்டுப்போவது உள்ளங்கையில் தெரியும். அந்த நொடியில் அழுத்தத்தைக் கூட்டாமல் மெதுவாக நகர்த்தினால் வளைவு வழவழப்பாக வரும். மஹோகனி அவ்வளவு சீக்கிரம் இணங்காது, பொறுமை வேண்டும். 1879இல் போர்ச்சுகலின் மதேய்ரா தீவிலிருந்து ஹவாயின் ஹொனலுலு போய் இறங்கிய தச்சர்கள் உகுலேலேவுக்கு எடுத்துக்கொண்டது அங்கே விளையும் கோவா (koa) மரம். அலையலையாக ரேகை ஓடும் கோவாவை வளைக்கும்போது அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது. அலை ஏறி இறங்கும் இடங்களில் இழை அறுபட்டு நிற்கும்; வெளிப்பக்கம் பிளந்துவிடும். வெளிப்புறத்தில் மெல்லிய ஸ்டீல் பட்டையை வைத்துச் சேர்த்து வளைப்பது அதற்காகத்தான்.

குறை என்றால், அந்தப் பட்டை பெட்டியில் இல்லை, தனியாக வாங்க வேண்டும். பவர் கார்டு குட்டை. அதுவும் மரம் சுழன்று வரும் பக்கத்திலேயே வெளியே வருகிறது. வைஸில் திருப்பிப் பிடித்தால் ஒருவாறு சமாளிக்கலாம். அணைத்த பிறகும் வெகுநேரம் சூடு இறங்காது. பார்த்தால் சாதாரண உலோகம்போல இருக்கும், எனவே சிறுவர்கள் நடமாடும் வீடு என்றால் உஷார். சூடாகிறதா என்று காட்ட ஒரு விளக்காவது வைத்திருக்கலாம்.

வளைத்த சைடு கொஞ்சம் பின்வாங்கத்தான் செய்யும். அச்சில் கவ்வி வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். மறுநாளும் இடுப்பில் இடைவெளி தெரிந்தால் மூக்கில் அந்த இடத்தை மட்டும் மறுபடி சூடாக்கித் திருத்திக்கொள்ளலாம். குழாயில் இந்தச் சின்னத் திருத்தம்தான் எனக்கு எப்போதும் சிரமம். இதில் சுலபமாக முடிகிறது.

வருஷத்துக்கு ஒன்று செய்பவருக்குக் குழாயே போதும். அடிக்கடி செய்கிறீர்கள், அதுவும் சோப்ரானோ என்றால், கூம்பிய மூக்கு உள்ளதாகப் பார்த்து இதையே வாங்குங்கள்.