கோலம் ஸ்டாம்பு, வாட்டர் கலர், புதுச்சேரித் தாள்: 40 பொங்கல் அட்டை செய்து பார்த்த பிறகு

இந்தப் பொங்கலுக்கு 40 வாழ்த்து அட்டை கையாலேயே செய்து தபாலில் அனுப்பினேன். ஸ்டாம்பு கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்னக் கடையில் செய்தது, தாள் புதுச்சேரியில் வாங்கியது, வண்ணம் கேமல் ஆர்ட்டிஸ்ட் டியூப். எங்கே வாங்கினாய், எவ்வளவு ஆச்சு, நாங்களும் செய்யலாமா என்று சொந்தத்தில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையில் ஆயிரம் ரூபாய் இருந்தால் அதில் பாதிக்கு மேல் தாளுக்கும் மைக்கும் போகட்டும். வண்ணம், பிரஷ் எல்லாம் அதற்கப்புறம்தான்.

ஸ்டாம்பிலிருந்து தொடங்குகிறேன். ஆன்லைனில் கிடைக்கும் ஸ்டாம்பில் பெரும்பாலும் ரோஜா, கிறிஸ்துமஸ் மரம், ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்து, இவ்வளவுதான். எனக்கு வேண்டியது 5 புள்ளி 5 வரிசை கம்பிக் கோலமும் ஒரு ஜோடிக் கரும்பும். கோர்ட், தாலுகா ஆபீஸ் இருக்கும் பக்கமெல்லாம் ரப்பர் ஸ்டாம்பு கடை இருக்குமே, ‘தலைமை ஆசிரியர்’, ‘உண்மை நகல்’ என்று செய்து தருவார்களே, அப்படி ஒரு கடைக்குத்தான் போனேன். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் நானே போட்ட கோலத்தை நீட்டினேன். அந்த அண்ணன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார்.

“கோடு ரொம்ப மெல்லிசா இருக்கும்மா. புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவுல எடம் விடுங்க, இல்லாட்டி மை உள்ள புகுந்து எல்லாம் ஒண்ணாயிடும்.”

“எவ்வளவு எடம்ணே?”

“ஒரு அரிசி படுக்கிற அளவு.”

வீட்டுக்கு வந்து திரும்ப வரைந்தேன், அரிசி அளவு இடம் விட்டு. இரண்டு நாளில் ஸ்டாம்பு தயார். இரண்டு அங்குலச் சதுரம், மரக்கட்டையில் ஒட்டியது, 350 ரூபாய். கரும்பு அதைவிடச் சின்னது, 200. கோடு ஒன்றுகூட விடுபடவில்லை, 40 அட்டைக்கும் முன்னால் ஒத்திகைக்கு நூறு தடவையாவது அடித்திருப்பேன், இன்னும் புதுசாகவே இருக்கிறது. இந்த ஒரு பொருளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு முழு மார்க் போடுவேன்.

ஆனால் கடையில் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். இப்போது ‘ரப்பர் ஸ்டாம்பு’ என்று எல்லோரும் சொன்னாலும் எல்லாமே ரப்பர் இல்லை. முன்பு ஈய எழுத்துக் கோத்து, அதிலிருந்து அச்சு எடுத்து, அந்த அச்சில் ரப்பரை வைத்து அழுத்திச் சூடேற்றி வேகவைப்பார்கள். இப்போது பல கடைகளில் ஃபிலிமின் மேல் ரெசின் என்ற பிளாஸ்டிக் திரவத்தை ஊற்றி, புற ஊதா விளக்கில் இறுக வைத்து, இறுகாத இடத்தைக் கழுவி எடுக்கிறார்கள். சில கடைகளில் ரப்பர் ஷீட்டை லேசரில் செதுக்கித் தருகிறார்கள். ஆபீஸ் சீலுக்கு எது என்றாலும் ஒன்றுதான். வாட்டர் கலருக்கு அப்படி இல்லை. என் கோலம் ரப்பரில் செதுக்கியது, கரும்பு ரெசின். பிரஷால் வண்ணத்தைத் தடவினால் ரப்பரில் சீராகப் பரவுகிறது, ரெசினில் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டு நிற்கிறது. ஸ்டாம்பின் முகத்தைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்துவிட்டால் அந்த வழவழப்பு போய் வண்ணம் பிடிக்கும், நான் அப்படித்தான் சமாளித்தேன். முடிந்தால் ரப்பரிலேயே கேளுங்கள். மை உள்ளேயே ஊறியிருக்கும் ஃபிளாஷ் ஸ்டாம்பு வேண்டவே வேண்டாம், அதில் ஒரே நிறம்தான், துடைத்துவிட்டு வேறு வண்ணம் தடவ முடியாது.

அடுத்தது மை. முதல் ஆறு அட்டை இதில்தான் போயிற்று. வீட்டில் இருந்த ஸ்டாம்பு பேடில், அதாவது ஆபீஸ்களில் பார்க்கிற அந்த ஊதா மையில், கோலத்தை அடித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். மறுநாள் மஞ்சள் வண்ணம் தொட்ட பிரஷை வைத்ததும் ஊதா கரைந்து ஓடி, கோலம் மழையில் நனைந்த வாசல் ஆகிவிட்டது. அந்த மை தண்ணீரில் கரையும் சாயம், பத்து நாள் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் கரையத்தான் செய்யும். கடையில் கேட்கும்போது ‘நல்ல மை’ என்று கேட்காதீர்கள், ‘காய்ந்த பிறகு தண்ணீர் பட்டால் கலையாத பிக்மென்ட் மை’ என்று கேளுங்கள். நான் வாங்கியது வெர்ஸாஃபைன் என்ற பிராண்டில் கறுப்பு. விலை கூடத்தான், ஆனால் கோலத்தின் வளைவு ஒவ்வொன்றும் பேனாவில் போட்ட மாதிரி விழுகிறது. காய நேரம் எடுக்கும். மார்கழிப் பனியில் எங்கள் ஊர்க் காற்றில் ராத்திரி முழுக்கக் காயவிட்டுத்தான் வண்ணத்தைத் தொட்டேன், அப்புறம் ஒரு அட்டையும் கலையவில்லை. ஸ்டேஸ்ஆன் என்று இன்னொன்று இருக்கிறது, அது கரைப்பான் கலந்த மை, சீக்கிரம் காயும். வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தாள். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தாள் என்றால் நம் பக்கத்தில் புதுச்சேரிதான். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்சாலை 1959-இல் தொடங்கியது, எஸ்.வி. படேல் சாலையில் இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கி, ஒவ்வொரு தாளாகச் சல்லடையில் அள்ளிச் செய்கிற வேலை. தண்ணீர்மேல் வண்ணத்தை மிதக்கவிட்டு எடுக்கிற அலை அலையான மார்பிள் தாளும் அங்கே உண்டு, கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது நமக்கெல்லாம் பெரிய கொடுப்பினை.

ஆனால் கைத்தாள் என்று பெயர் இருந்தாலே வாட்டர் கலருக்கு ஆகும் என்று நினைக்கக் கூடாது. நான் நினைத்தேன். நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில், பூவிதழ் பதித்த அழகான தாள் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வண்ணம் வைத்த இடத்திலேயே குடித்துவிட்டது. இழுத்துப் பரப்ப நேரமே தரவில்லை, ஓரமெல்லாம் பிசிறு, பின்பக்கமும் ஊறிவிட்டது. தாளின் குற்றம் என்று சொல்ல மாட்டேன், அது பரிசு சுற்றவும் விளக்குக் கூடு செய்யவும் செய்த தாள். வண்ணத் தாளுக்கு உள்ளே பசை ஏற்றியிருப்பார்கள், ஜெலட்டின் மாதிரி ஏதாவது. அந்தப் பசைதான் தண்ணீரைக் கொஞ்ச நேரம் மேலேயே நிறுத்தி வைக்கிறது, அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நாம் ஒரு நிறத்தை இன்னொன்றோடு கலக்க முடியும். கடையிலேயே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது: ஒரு துண்டு மாதிரி கேளுங்கள், விரலால் அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு உருண்டையாக நின்றால் வாங்கலாம். வைத்ததும் கறுத்து உள்ளே இறங்கினால் வேண்டாம்.

இரண்டாவது சிக்கல் சொரசொரப்பு. வாட்டர் கலர் தாள் என்று விற்பதில் அதிகம் கிடைப்பது கோல்டு பிரஸ், அதாவது மேடு பள்ளம் உள்ள தாள். வண்ணத்துக்கு அது அருமை. ஸ்டாம்புக்கு அது ஆகாது, பள்ளத்தில் மை இறங்காமல் கோடு நடுநடுவே வெள்ளையாக விட்டுப்போகும். ஹாட் பிரஸ் என்ற வழவழப்பான தாளில் ஸ்டாம்பு அப்படியே பதியும், ஆனால் எல்லாக் கடையிலும் இருப்பதில்லை. நான் கடைசியில் வாங்கியது பருத்தி கலந்த 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம்) கோல்டு பிரஸ். அதன் பின்பக்கம் சற்று வழவழப்பாக இருந்தது, அதில் அடித்தேன். அட்டைக்கு அடியில் இரண்டு மடிப்பு நியூஸ் பேப்பர் வைத்து, கட்டையை ஆட்டாமல் உள்ளங்கையால் நேராக அழுத்தினால் இந்தத் தாளிலும் முழுக்கோலமும் விழுகிறது.

அந்தப் பூவிதழ்த் தாள் என்ன ஆயிற்று? அதுதான் இந்த அட்டைக்கே அழகு. தண்ணீர் தாங்கும் தாளில் கோலத்தை அடித்து வண்ணம் போட்டு, 8 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டாக வெட்டி, பூவிதழ்த் தாளை மடித்துச் செய்த அட்டையின் முகப்பில் ஒட்டிவிட்டேன். எது எதற்கு ஆகுமோ அது அதற்கு. செலவும் குறைந்தது, விலை கூடிய தாள் ஒரு அட்டைக்கு ஒரு சின்னத் துண்டுதான் போகிறது.

வண்ணத்துக்கு அவ்வளவு யோசிக்க வேண்டாம். கேமல் ஆர்ட்டிஸ்ட் டியூபில் அல்ட்ராமரைன் என்ற நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு பச்சை, ஐந்து போதும். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் மண்பானைக்குக் கீழே விழுகிற நிழலின் சாம்பல் நிறம் அப்படியே வருகிறது, தனியாகக் கறுப்பு வாங்கத் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்குகிற, வில்லை வில்லையாக இருக்கும் கேக் வண்ணப் பெட்டியில் செய்யலாமா என்றால் செய்யலாம், ஆனால் பொதுவாக அந்த வண்ணம் சுண்ணாம்பு கலந்த மாதிரி அடைசலாக விழும், அடியில் இருக்கிற கோலத்தின் கோட்டை மூடும். டியூப் வண்ணம் கண்ணாடி மாதிரி, கறுப்புக் கோடு மேலே தெரிந்துகொண்டே இருக்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியவில்லை. வாட்டர் கலரில் நிறத்தூளைப் பிடித்து வைப்பது வேல மரத்துப் பிசின், ஆப்பிரிக்காவில் செனகல் பக்கம் விளைவதற்குப் பெயர் போனது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு வணிகர்கள் அந்தப் பிசினை வாங்க அங்கே கொண்டுபோனது என்ன தெரியுமா? புதுச்சேரி வட்டாரத்தில் நெய்து அவுரியில் சாயம் ஏற்றிய நீலத் துணி. ‘கினே’ என்று பெயர். செனகல் கரையில் அந்தத் துணி பணம் மாதிரியே நடந்திருக்கிறது. நம் ஊர் நீலம் கப்பலேறிப் போய்ப் பிசினாக மாறியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு டியூபை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெசவுத் தறிச் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த அட்டை, வண்ணத்தையே மையாக வைத்து அடித்தவை. கெட்டியாகக் கரைத்த மஞ்சளை ஸ்டாம்பின் ஒரு பாதியிலும் சிவப்பை மறு பாதியிலும் பிரஷால் தடவி, வாயருகே கொண்டுபோய் ‘ஹா’ என்று ஒரு மூச்சு விட்டு, உடனே தாளில் வைத்து அழுத்த வேண்டும். காய ஆரம்பித்த வண்ணம் அந்த ஈரத்தில் உயிர் பெறும். எடுத்துப் பார்த்தால் நடுவில் இரண்டும் கலந்து, காவிக்கரை போட்ட கோலம். ஒன்று போல இன்னொன்று வராது.

தங்கக் கோலமும் பத்து செய்தேன். ஈர பிக்மென்ட் மைமேல் எம்பாசிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டுச் சூடு காட்டினால் பவுடர் உருகிப் பளபளக்கும் மேடாக நிற்கும். முடி உலர்த்தியில் செய்யப் பார்க்காதீர்கள், சூடு பத்தாது, காற்றில் பவுடர் பறந்துவிடும். கடும் சூட்டுக் காற்றை ஊதும் ஹீட் கன் என்னிடம் இல்லை. காய்ந்த தோசைக்கல்லுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் இடுக்கியால் தாளைப் பிடித்தேன். பத்துப் பதினைந்து விநாடி ஒன்றும் நடக்காது, அப்புறம் ஒரு ஓரத்திலிருந்து மங்கல் தூள் பொன்னாக மாறிக்கொண்டே கோடு வழியாக ஓடும் பாருங்கள், அதைப் பார்க்கவே இன்னொரு அட்டை செய்யத் தோன்றும். அந்தத் தங்கக் கோடு வரப்பு மாதிரி நின்று, ஒரு கட்டத்துக்குள் ஊற்றிய வண்ணம் அடுத்த கட்டத்துக்குள் போகாமல் தடுக்கிறது. சின்னப் பிள்ளைகள் வண்ணம் போட இதைவிடச் சுலபமான வழி கிடையாது, அடுப்பு வேலையை மட்டும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தபால் கணக்கும் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தபாலில் 20 கிராம் வரை 5 ரூபாய்தான். ஏ5 அளவு 200 ஜிஎஸ்எம் தாளை மடித்தால் 6 கிராம் சொச்சம், மேலே ஒட்டிய துண்டு இரண்டரை கிராம், உறை நாலைந்து கிராம், ஆக 14 கிராமுக்குள் நிற்கும். மணி, கண்ணாடி என்று ஒட்டினால் கனமும் ஏறும், முத்திரை குத்தும்போது உடையவும் உடையும், அதனால் எதுவும் ஒட்டவில்லை. மை ஊறும் கைத்தாள் உறையில் முகவரியைப் பால் பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள்.

விருத்தாசலத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கு அட்டை போகிப் பண்டிகையன்றே போய்ச் சேர்ந்தது. போன் செய்து, “தபால்ல பொங்கல் வாழ்த்து வந்து எத்தனை வருஷமாச்சுடி” என்றார், கோலத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே பேசுகிறேன் என்றார். அவருக்குப் போனது தங்கக் கோலம்.

சித்திரைக்கு மாம்பழமும் வேப்பம்பூவும் வரைந்து வைத்திருக்கிறேன். வேப்பம்பூவின் இதழ்களுக்கு நடுவே அரிசி அளவு இடம் விட்டிருக்கிறேன். ஸ்டாம்பு கடை அண்ணன் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், இந்தத் தடவை இரண்டையும் ரப்பரிலேயே செதுக்கச் சொல்லப்போகிறேன்.